மறுபடியும் பார்ப்பவர்கள்

இம்மாதிரிப் பத்திரிகையில் ஜேம்ஸ் பாண்ட் படங்களைப் பற்றி எழுதுகிறவன் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று ஒரு எதிர்பார்ப்பு இருக்கிறது. நான் கேட்கப்போவதில்லை. ஜனரஞ்சகத்தைத் திட்டுவது சுலபம். அதைக் கொண்டாடுவதற்கு ஒரு சித்தாந்தத்தைக் கண்டுபிடித்துக்கொள்வதும் இப்போது சுலபமாகிவிட்டது. இரண்டையும் படத்தைப் பார்க்காமலே செய்துவிடலாம். நான் பார்த்தவன், மறுபடியும் பார்த்தவன். இந்தக் கட்டுரை அந்தப் படங்களைப் பற்றியது என்பதைவிட, மறுபடியும் பார்ப்பது என்கிற காரியத்தைப் பற்றியது.

விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். வங்கியில் மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் எங்களுக்கு விடுமுறை. அந்த இரவுகளில் எங்கள் கிளையின் காசாளர் வீட்டில் நாங்கள் மூன்று பேர் கூடி, 1962-ல் வந்த 'டாக்டர் நோ' தொடங்கி 2021-ல் வந்த 'நோ டைம் டு டை' வரை ஈயான் நிறுவனம் தயாரித்த 25 படங்களையும் வெளிவந்த வரிசையிலேயே பார்த்து முடித்தோம். ஒரு இரவுக்கு ஒரு படம். ஒரு வருஷத்துக்குச் சற்று மேலாயிற்று. பெரும்பாலானவை நாங்கள் முன்பே பார்த்தவை. காசாளர் சிலவற்றைப் பத்துத் தடவைக்கு மேல் பார்த்திருக்கிறார். படம் முடிந்ததும் பேச்சு. படத்தைவிடப் பேச்சுத்தான் நீளம்.

இப்படிக் கூடுகிறவர்கள் நாங்கள் மட்டுமல்ல. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இந்தப் படங்களை வரிசையாகத் திரும்பப் பார்ப்பதை ஒரு விரதம் மாதிரி வைத்திருக்கிறவர்கள் உண்டு. பேச்சு எங்கேயும் ஒன்றுதான். ஆறு நடிகர்களில் யார் மேல், எந்தப் படம் தேறும், எந்தப் படம் தேறாது, எந்தக் காட்சியில் என்ன தவறு. வெளியிலிருந்து கேட்கிறவனுக்கு இது வெறும் கணக்குப்பிள்ளைத்தனமாகப் படும். எனக்கும் அப்படித்தான் பட்டது. பேரேடு சரிபார்க்கிற வேலையை வாரம் பூராவும் செய்துவிட்டு, சனிக்கிழமை இரவும் அதையே செய்வானேன் என்று நினைத்தேன்.

1

படத்தின் முகப்பில் ஒரு வட்டத்துக்குள் ஒருவன் நடந்து வந்து சட்டென்று திரும்பிச் சுடுகிறான். மாரிஸ் பைண்டர் உருவாக்கிய முகப்பு அது. முதல் மூன்று படங்களில் அதில் நடப்பது ஷான் கானரி அல்ல, பாப் சிம்மன்ஸ் என்கிற சண்டைக் கலைஞர். காசாளர் இதை ஒவ்வொரு தடவையும் சொல்வார். நாங்களும் முதல் தடவை கேட்கிற மாதிரியே கேட்டுக்கொள்வோம்.

இதில் என்ன இருக்கிறது? ஒன்று இருக்கிறது. முதல் தடவை பார்க்கிறவன் கதைக்கு அடிமை. அடுத்து என்ன நடக்கும் என்பது அவன் கண்ணைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறது. கதை தெரிந்த பிறகுதான் கண் சும்மா இருக்கிறது. சும்மா இருக்கிற கண்தான் பார்க்கிறது. காதும் அப்படியே.

'டாக்டர் நோ'வில் கடலிலிருந்து கரையேறி வரும் ஊர்ஸுலா ஆண்ட்ரெஸ் பேசுகிற குரல் அவருடையதல்ல, நிக்கி வான் டெர் ஸில் என்கிற பெண்மணியுடையது. 1964-ல் வந்த 'கோல்ட்ஃபிங்கரி'ல் உடம்பெல்லாம் பொன் பூசப்பட்டுச் செத்துக்கிடக்கும் ஷர்லி ஈட்டனுக்கும் அவர்தான் குரல் கொடுத்தார். 1965-ல் வந்த 'தண்டர்பால்' நாயகி க்ளோடின் ஓஜேக்கும் அவரே. அந்தப் படங்களின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் கிடையாது. இதை எனக்குச் சொன்னவர் விமர்சகர் யாரும் அல்ல, காசாளர். தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இரவல் குரல் புதிதில்லை. அதனால் முதலில் இதை வெறும் தகவலாகத்தான் வாங்கிக்கொண்டேன். பிறகு, அடுத்தடுத்த சனிக்கிழமைகளில், கண்ணை மூடிக்கொண்டு கேட்டபோது விளங்கியது. உடம்புகள் மாறிக்கொண்டிருந்தன. குரல் அப்படியே இருந்தது. ஒரு தொடர் பெண்ணை எப்படி நினைத்தது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சியத்தை எந்தச் சித்தாந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

ஆகவே ரசிகனுடைய கணக்குப்பிள்ளைத்தனத்தை நான் இனி கேலி செய்யமாட்டேன். கவனம் என்பது எங்கே தொடங்கினாலும் கவனம்தான். அது எங்கே போய் நின்றுவிடுகிறது என்பதுதான் கேள்வி.

2

தெரிந்த கதையைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது நமக்கு அந்நியமான பழக்கமல்ல என்று சொல்லி, தெருக்கூத்தை உதாரணம் காட்டி, விஷயத்தை முடித்துவிடலாம். நண்பர் ஒருவர் அப்படித்தான் முடித்தார். எனக்கு அது திருப்தி தரவில்லை. கர்ண மோட்சத்தைப் பார்க்கப் போகிறவனுக்குக் கர்ணன் சாவான் என்று தெரியும். அது கர்ணனுக்கும் தெரியும். தான் யார் மகன், என்ன வாக்குக் கொடுத்தோம், யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறோம் என்கிற நினைவெல்லாம் சுமையாக அவன் தலைமேல் இருக்கிறது. அந்த நினைவுதான் அவனைக் கொல்கிறது. பார்க்கிறவனும் அவனும் ஒரே நினைவில் விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள்.

பாண்ட் அப்படியல்ல. அவனுக்கு நினைவு கிடையாது. முந்தைய படத்தின் கடைசியில் அணைத்துக்கொண்டிருந்த பெண் அடுத்த படத்தில் இல்லை. அவள் எங்கே என்று அவனும் கேட்பதில்லை, மற்றவர்களும் கேட்பதில்லை. பட்ட காயத்துக்குத் தழும்பில்லை. வயது ஏறுவதில்லை, ஏறினால் நடிகர் மாறிவிடுகிறார். நினைவு முழுக்கப் பார்க்கிறவனிடம் இருக்கிறது. அவன் மறந்துவிட்டவற்றையெல்லாம் நாம் அவனுக்காக வைத்துக்கொண்டிருக்கிறோம். பாண்ட் ரசிகன் என்கிறவன் நினைவில்லாத ஒருவனுக்கு நினைவாக இருக்கிறவன். இந்த உறவு விசித்திரமானது. அதில் ஒரு பரிதாபமும் இருக்கிறது.

இந்தத் தொடரில் ஒரே ஒரு தடவை இது தலைகீழாகியது. 1969-ல் வந்த 'ஆன் ஹெர் மெஜஸ்டீஸ் சீக்ரெட் சர்வீஸ்'. அதற்கு முந்தைய படங்களில் எடிட்டராக இருந்த பீட்டர் ஹன்ட் இயக்கியது. அதுவரை விளம்பர மாடலாக இருந்த ஆஸ்திரேலியரான ஜார்ஜ் லேஸன்பி பாண்டாக நடித்த ஒரே படம். முகப்பிலேயே ஒரு மணற்கடிகாரம் வருகிறது. அதற்குள் பழைய படங்களின் காட்சிகள் மணலாக வழிந்து போகின்றன. பிறகு ஒரு காட்சி. மேலதிகாரியோடு பிணக்கு. பாண்ட் ராஜினாமாக் கடிதம் சொல்லி எழுதச் சொல்லிவிட்டுத் தன் மேஜையைக் காலி செய்கிறான். இழுப்பறையிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கிறான். 'டாக்டர் நோ' நாயகியின் கத்தி. 1963-ல் வந்த 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' படத்தில் ரயிலில் அவனைக் கழுத்தை நெரித்துக் கொல்லப் பார்த்தவனின் கடிகாரம். 'தண்டர்பாலி'ல் தண்ணீருக்கடியில் மூச்சுவிட உதவிய குட்டிக் கருவி. ஒவ்வொன்றை எடுக்கும்போதும் அந்தந்தப் படத்தின் இசை பின்னால் மெல்ல ஒலிக்கிறது.

கதைக்கு இந்தக் காட்சி தேவையே இல்லை. ஆனால் மறுபடியும் பார்க்கிறவனுக்கு இது ஒரு திடுக்கிடல். பாண்ட் தன் படங்களைத் தானே திரும்பப் பார்க்கிறான். ஒரு நிமிஷம் அவன் நம்மில் ஒருவனாகிவிடுகிறான். (காரியதரிசி மனிபென்னி ராஜினாமாவை இரண்டு வார விடுப்பு விண்ணப்பமாக மாற்றிக் காப்பாற்றுகிறாள். பத்து வருஷமாக ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அந்த இடம் இன்னொரு விதத்திலும் பிடிக்கும்.)

நினைவு வந்த மனிதனுக்கு நடக்க வேண்டியது அந்தப் படத்தில் அவனுக்கு நடக்கிறது. அவன் காதலிக்கிறான்; கல்யாணம் செய்துகொள்கிறான். டயானா ரிக் நடித்த ட்ரேஸி. கல்யாணம் முடிந்து போகிற வழியில் காரை நிறுத்துகிறார்கள். ப்ளோஃபெல்டின் கார் கடந்து போகிறது. குண்டுகள். அவள் செத்துக்கிடக்கிறாள். வந்து பார்க்கிற போலீஸ்காரனிடம், அவள் இளைப்பாறுகிறாள், அவசரம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி ஏதோ சொல்லி அவள் தலையோடு முகம் புதைத்துக்கொள்கிறான். படம் அதோடு முடிகிறது. லேஸன்பி நல்ல நடிகர் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கடைசி இரண்டு நிமிஷத்தில் அவருடைய திறமைக் குறைவே அவருக்குத் துணை செய்கிறது. என்ன செய்வதென்று தெரியாதவனின் முகம் அது. கானரிக்கு எப்போதும் என்ன செய்வதென்று தெரியும்.

அடுத்த படம் 1971-ல். 'டயமண்ட்ஸ் ஆர் ஃபார்எவர்'. லேஸன்பி போய்விட்டார். கானரியை 12.5 லட்சம் டாலர் சம்பளம் கொடுத்துத் திரும்ப அழைத்து வந்தார்கள். தொடக்கத்தில் பாண்ட் ஆட்களை அடித்து உதைத்து ப்ளோஃபெல்ட் எங்கே என்று கேட்டுக்கொண்டு போகிறான். எதற்காக என்று சொல்வதில்லை. ட்ரேஸியின் பெயர் படத்தில் எங்கேயும் இல்லை. பாக்கித் தொகையைத் தள்ளுபடி செய்துவிட்டு ஒரு கணக்கை மூடுகிற மாதிரி மூடிவிட்டார்கள்.

ரசிகர்கள் மூடவில்லை. 1977-ல் 'தி ஸ்பை ஹூ லவ்டு மீ' படத்தில் ரஷ்ய உளவாளிப் பெண் பாண்டின் பழைய விவரங்களை அவனிடமே ஒப்பிக்கும்போது மனைவி கொல்லப்பட்டதைத் தொடுகிறாள். அவன் பேச்சை வெட்டுகிறான். 1989-ல் 'லைசென்ஸ் டு கில்' படத்தில், அவன் ஒரு காலத்தில் கல்யாணம் ஆனவன் என்று நண்பன் தன் புது மனைவியிடம் சொல்கிறான். இவை சில விநாடிகள்தாம். முதல் தடவை பார்க்கிறவனுக்கு இவை ஒன்றுமில்லை. எங்கள் அறையில் இந்த இடங்களில் யாரும் பேசமாட்டோம்.

1981-ல் வந்த 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி' ஒரு கல்லறையில் தொடங்குகிறது. தெரேஸா பாண்ட், 1943–1969. அந்தக் காட்சியை எடுத்த இடம் ஸ்டோக் போஜஸ் தேவாலய முற்றம். பி.ஏ.யில் ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். பேர் தெரியாமல் செத்துப்போனவர்களுக்காகத் தாமஸ் கிரே இரங்கற்பா எழுதிய முற்றமாக அறியப்படுவது அதுதான்; கிரேயும் அங்கேயே புதைக்கப்பட்டிருக்கிறார். எவ்வளவு பொருத்தம் என்று நான் நெகிழ்ந்துகொண்டிருக்கும்போதே ஒரு ஹெலிகாப்டர் வந்து பாண்டை ஏற்றிக்கொள்கிறது. சில நிமிஷத்தில் அவன் சக்கர நாற்காலியில் இருக்கிற ஒரு மொட்டைத் தலையனைத் தூக்கி ஆலைப் புகைபோக்கிக்குள் போட்டுவிடுகிறான். அது ப்ளோஃபெல்ட்தான். ஆனால் படம் அவனுக்குப் பெயர் சொல்வதில்லை. பெயர் அப்போது உரிமை வழக்கில் சிக்கியிருந்தது. மனைவியைக் கொன்றவனைப் பழிவாங்குகிறான், கொன்றவனுக்குப் பெயரில்லை, பழியோ கோமாளிக் கூத்து. வணிகக் கலை துக்கத்தை எப்படிக் கையாளும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஒரு கல்லை நட்டுவிட்டு, நீ அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உன்னைச் சிரிக்க வைத்துவிடும்.

3

ஆக, நினைவு எங்களிடம்தான் பத்திரமாக இருக்கிறது என்று எங்களுக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமை உடைந்த இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வரிசையில் அது முன்னாலேயே வந்துவிட்டது. நான் அதை இங்கே பின்னால் வைப்பதற்குக் காரணம், அது எனக்கு விளங்க அவ்வளவு நாளாயிற்று என்பதுதான்.

மூன்றாவது படம், 'கோல்ட்ஃபிங்கர்'. காசாளரின் மனைவி, நாங்கள் மதினி என்று கூப்பிடுகிறவர், அன்றைக்கு வேலையெல்லாம் முடிந்து வந்து எங்களோடு உட்கார்ந்து பார்த்தார். ஒரு வைக்கோல் கொட்டகையில் ஒரு காட்சி வருகிறது. புஸ்ஸி கேலோர் என்ற விமானியாக வரும் ஹானர் ப்ளாக்மன் தனக்கு விருப்பமில்லை என்று சொல்கிறாள். ஜூடோ பிடியில் பாண்டைத் தூக்கிப் போடுகிறாள். அவன் அவளைத் தூக்கிப் போடுகிறான். கடைசியில் மேலே விழுந்து அழுத்துகிறான். அவள் கையால் தள்ளுகிறாள். தள்ளிய கை கொஞ்ச நேரத்தில் அணைக்கிறது. இசை குழைகிறது.

"அவ வேண்டாம்னுதான சொன்னா?" என்றார் மதினி.

யாரும் பதில் சொல்லவில்லை. "அந்தக் காலத்துப் படம்" என்றார் காசாளர், கொஞ்சம் பொறுத்து. மதினி எழுந்து போய்விட்டார். கோபமாகப் போகவில்லை, கேட்டதற்குப் பதில் இல்லை என்று தெரிந்துகொண்டவராகப் போனார். நாங்கள் அன்று வழக்கம்போல் பேசினோம், அந்தக் காட்சியை விட்டுவிட்டு.

அந்தக் காட்சியை விட்டுவிட முடியுமா? படத்தைக் கதையாக எண்ணிப் பாருங்கள். ஸ்விட்ஸர்லாந்தில் பிடிபட்டதிலிருந்து பாண்ட் கைதி. வெளியே தகவல் அனுப்ப அவன் செய்கிற முயற்சி, அதைச் சுமந்த ஆளோடும் காரோடும் சேர்ந்து நசுங்கிப்போகிறது. ஃபோர்ட் நாக்ஸ் தங்கக் கிடங்கில் அவனை அணுகுண்டோடு சேர்த்து விலங்கிட்டு வைத்திருக்கிறார்கள். ஆட்ஜாபோடு சண்டை போட்டு ஜெயிக்கிறான், சரி. ஆனால் குண்டை நிறுத்தத் தெரியாமல் கம்பிகளைப் பிய்க்கப் போகும்போது வேறொருவர் வந்து ஒரு பொத்தானை அமுக்கி நிறுத்துகிறார். எண் 007-ல் நிற்கிறது. விஷவாயுவை மாற்றி, வாஷிங்டனுக்குத் தகவல் கொடுத்து, ஆயிரக்கணக்கான சிப்பாய்களைக் காப்பாற்றியவள் புஸ்ஸி கேலோர். ஏன் கட்சி மாறினாள்? கொட்டகையில் நடந்ததால். அவளுடைய தாய்மை உணர்ச்சியைத் தொட்டுவிட்டேன் போலிருக்கிறது என்று பாண்ட் பின்னால் ஒரு வேடிக்கையும் சொல்கிறான். அதாவது, அந்தப் படத்தில் நாடு தப்புவதற்கு பாண்ட் செய்த காரியம் அந்த ஒன்றுதான். அதை எடுத்துவிட்டால் கதை நிற்காது. நடுத்தூணை ஒரு கறையென்று சொல்லி ஒதுக்க முடியாது.

இன்னொன்றும் பிறகுதான் உறைத்தது. அந்தப் படத்தில் ஷர்லி ஈட்டனுக்கு இரவல் குரல் என்று சொன்னேன். ஹானர் ப்ளாக்மன் பேசுவது அவருடைய சொந்தக் குரல். சொந்தக் குரலில் ஒருத்தி வேண்டாம் என்று சொல்கிறாள். படத்துக்குக் கேட்கவில்லை. பத்துத் தடவை பார்த்த எங்களுக்கும் கேட்கவில்லை. ஒரே தடவை பார்த்தவருக்குக் கேட்டது.

மறுபடியும் பார்ப்பதைப் பற்றி நான் மேலே சொன்ன தத்துவத்தை இது பதம் பார்க்கிறது. கதை தெரிந்த கண்தான் பார்க்கும் என்றேன். பாதிதான் உண்மை. திரும்பத் திரும்பப் பார்க்கிற கண் தன் பாதையைத் தானே போட்டுக்கொண்டுவிடுகிறது. சிம்மன்ஸைப் பார்க்கும், கடிகாரத்தைப் பார்க்கும், எண் 007-ல் நிற்பதைப் பார்க்கும். கொட்டகையைத் தாண்டிப் போகப் பழகிவிடும்.

ரசிகர்களிடையே நெடுங்கால வழக்கு ஒன்று உண்டு. 1967-ல் வந்த 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' படத்தில் ப்ளோஃபெல்டும் பாண்டும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். இரண்டு வருஷம் கழித்து 1969 படத்தில் பாண்ட் கண்ணாடி போட்டுக்கொண்டு வம்சாவளி ஆராய்ச்சியாளனாக வந்து ப்ளோஃபெல்டின் எதிரே உட்கார்கிறான். அவன் இவனை அடையாளம் கண்டுகொள்வதில்லை. இயான் ஃப்ளெமிங்கின் நாவல்கள் வந்த வரிசை வேறு, படங்கள் வந்த வரிசை வேறு என்பதுதான் நிஜமான காரணம். ரசிகனுக்கு அது போதாது. ஜேம்ஸ் பாண்ட் என்பது ஆள் பெயர் அல்ல, பதவியின் சங்கேதப் பெயர், ஒவ்வொருவராக வந்து அதைச் சூடிக்கொள்கிறார்கள் என்று ஒரு கொள்கை உண்டாக்கினான். 1981-ன் கல்லறை அதற்கு எதிர்ச் சாட்சி. 2012-ல் வந்த 'ஸ்கைஃபாலி'ல் பெற்றோரின் கல்லறைக் கல்லிலும் பாண்ட் என்றுதான் இருக்கிறது. ஆனாலும் கொள்கை சாகவில்லை. நாங்களும் ஒரு இரவு முழுக்க ப்ளோஃபெல்டின் ஞாபக மறதியைப் பற்றி வாதாடினோம். எதிரே உட்கார்ந்திருக்கிறவனை எப்படி ஒருவன் அடையாளம் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியும்? நாங்கள் கேட்கிற கேள்வியா இது?

4

"அந்தக் காலத்துப் படம்" என்கிற பதிலைக் கறாராகப் பார்க்க வேண்டும். அந்தக் காலம் என்பது அந்தக் காலத்தோடு போயிருக்குமானால் இந்தச் சனிக்கிழமை அதை ஏன் பார்க்கிறோம்? இசை இன்றைக்கு, கார் இன்றைக்கு, கென் ஆடம் போட்ட அரங்கங்களின் பிரமிப்பு இன்றைக்கு. கொட்டகை மட்டும் அந்தக் காலமா? மறுபடியும் பார்ப்பது என்றாலே ஒன்றை இன்றைக்குக் கொண்டுவருவதுதான். பாதியை மட்டும் கொண்டுவர முடியாது.

இந்தக் கணக்கில் நானும் வருகிறேன் என்பதால் சொல்கிறேன். 'டாக்டர் நோ'வில் குவாரல் என்ற கறுப்பினப் படகோட்டி பாண்டுக்கு உதவி செய்கிறான். தீவில் ஆபத்து நெருங்கும்போது பாண்ட் அவனிடம் தன் செருப்பை எடுத்து வரச் சொல்கிறான், முகத்தைக்கூடப் பார்க்காமல். பிறகு குவாரல் நெருப்பில் கருகிச் சாகிறான். அந்தப் படத்தை ஜமைக்காவில் எடுத்தபோது அது பிரிட்டிஷ் காலனி. 1962 ஆகஸ்ட் 6-ல் அது சுதந்திர நாடாயிற்று. அக்டோபர் 5-ல் படம் லண்டனில் திரையிடப்பட்டது. இழந்துவிட்ட வீட்டை, இன்னும் தன்னுடையது மாதிரி, இரண்டு மாதம் கழித்துத் திரையில் சுற்றிக்காட்டினார்கள். இது தெரிந்த பிறகு செருப்பு வெறும் செருப்பு அல்ல.

1983-ல் வந்த 'ஆக்டோபஸி'யில் கதை உதய்ப்பூருக்கு வருகிறது. பாண்டாக ரோஜர் மூர். உள்ளூர் உதவியாளனாக நடிப்பவர் சென்னைக்காரரான டென்னிஸ் ஆட்டக்காரர் விஜய் அமிர்தராஜ். பாத்திரத்துக்கும் பெயர் விஜய்தான். மகுடியில் பாண்ட் படத்தின் இசையை வாசித்துத் தன்னை அடையாளம் காட்டுகிறான். ஆட்டோ துரத்தலில் டென்னிஸ் மட்டையால் எதிரிகளை அடிக்கிறான். கூட்டத்தின் தலைகள் ஆட்டம் பார்ப்பதுபோல் இடமும் வலமும் திரும்புகின்றன. ஆணிப் படுக்கை, தீமிதி, வாள் விழுங்குகிறவன் எல்லாம் வருகிறார்கள். சூதாட்டத்தில் ஜெயித்த நோட்டுக் கட்டை உள்ளூர் ஆளிடம் கொடுக்கும்போது பாண்ட் கறியைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்கிறான். பிறகு விஜய் கொல்லப்படுகிறான். குவாரலைப் போலவே. படம் அவனுக்காக நிற்பதில்லை.

இந்தப் படத்தை முன்பு பார்த்தபோதெல்லாம் நான் சிரித்திருக்கிறேன். நம் ஊர்க்காரர் பாண்ட் படத்தில் வருகிறார் என்கிற சந்தோஷம் வேறு. நான் யாரோடு உட்கார்ந்து சிரித்தேன் என்பதுதான் இப்போது என் கேள்வி. நோட்டைக் கொடுக்கிறவனோடு உட்கார்ந்து, நோட்டை வாங்கிக்கொள்கிறவனைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இதற்கு ஆக்கிரமிப்பு, ஆதிக்கம் என்று பெரிய வார்த்தைகள் உண்டு. அந்த வார்த்தைகளைச் சொல்லிவிட்டால் என் சிரிப்பு என்னைவிட்டு நீங்கி எங்கேயோ வெளியே ஒரு சமூகப் பிரச்னையாகிவிடும். நான் அதை அப்படி அனுப்பிவைக்க விரும்பவில்லை. சிரித்தவன் நான்.

5

2006-ல் 'கேஸினோ ராயலு'டன் டேனியல் க்ரெய்க் வந்தார். அவருடைய ஐந்து படங்களும் ஒன்றின் வால் பிடித்து இன்னொன்றாக ஓடுகின்றன. முதல் படத்தில் செத்த வெஸ்பர் கடைசிப் படம் வரை அவனை விடுவதில்லை. பாண்டுக்கு நினைவு வந்துவிட்டது, இந்தத் தடவை முழுசாக. கடைசியில், 2021-ல், அவன் சாகிறான். ஏவுகணைகள் வந்துகொண்டிருக்கும் தீவில், மனைவியாகாத மனைவியிடமும் மகளிடமும் திரும்பிப் போக முடியாதவனாக நின்று சாகிறான். படம் முடியும்போது லூயி ஆர்ம்ஸ்ட்ராங் பாடிய, 1969 படத்தின் அதே பாட்டு ஒலிக்கிறது. ட்ரேஸியின் பாட்டு.

ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்துபோனார்கள். பாண்ட் சாகலாமா என்று கொதித்தவர்கள் பாதி. எங்கள் மூவரிலும் பிளவுதான். காசாளருக்கு இன்னும் ஆறவில்லை. பாண்ட் செத்தது சரி என்று நான் நினைக்கிறேன். நினைவு உள்ளவனுக்குத்தான் சாவு உண்டு. கர்ணனுக்கு உண்டு. 1971-ன் பாண்டுக்குக் கிடையாது, ஏனென்றால் இழப்பதற்கு அவனிடம் ஒன்றுமில்லை. 1969-ல் இழுப்பறையைத் திறந்தபோதே இந்த முடிவு எழுதப்பட்டுவிட்டது. அதை 52 வருஷம் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள்.

ஆனால் பெயர்ப் பட்டியல் ஓடி முடிந்ததும் வழக்கமான அறிவிப்பு வந்துவிடுகிறது: ஜேம்ஸ் பாண்ட் திரும்ப வருவார். 2025 பிப்ரவரியில், அதுவரை ப்ராக்கொலி குடும்பத்தின் கையில் இருந்த தொடரின் கடிவாளம் அமேசான் எம்ஜிஎம் நிறுவனத்துக்குப் போவதாக அறிவித்தார்கள். புது முகம் வரும். வருகிறவனுக்குப் பழைய ஞாபகம் எதுவும் இருக்காது. அந்தச் சாவும் மூடப்பட்ட இன்னொரு கணக்காகிவிடும். அதைக் காப்பாற்றி வைத்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு மறுபடியும் ரசிகனுக்கு வரும். அதை அவன் நன்றாகவே செய்வான். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதற்கு மேல் ஒன்று இருக்கிறது. தான் நேசித்ததை நினைவில் வைத்துக்கொள்வது ரசிகனின் காரியம். நேசித்துக்கொண்டே எதைப் பார்க்காமல் விட்டோம் என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்வது விமர்சனத்தின் காரியம். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க முடியாது என்று நம்மிடையே ஒரு எண்ணம் இருக்கிறது. விமர்சகன் என்றால் நேசம் அற்றவன், ரசிகன் என்றால் புத்தி அற்றவன். நான் ஒத்துக்கொள்ளவில்லை. முகப்பில் அந்த கிட்டார் ஒலிக்கும்போது இப்போதும் எனக்கு முதுகு நிமிர்கிறது. அதை மறைத்துக்கொண்டு நான் எழுதுகிற விமர்சனம் பொய். அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தாண்டிப்போனால் அதுவும் பொய்.

போன மாதம் இரண்டாவது சுற்றைத் தொடங்கினோம். மூன்றாவது அமர்வில் மறுபடியும் 'கோல்ட்ஃபிங்கர்'. மதினி வரவில்லை, நீங்களே பாருங்கள் என்று சொல்லிவிட்டார். கொட்டகை வந்ததும் காசாளர் ரிமோட்டைக் கையில் எடுத்தார். அவர் நல்ல மனுஷர். மனைவி அந்த அறையில் இல்லாவிட்டாலும் அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது.

"ஓட்ட வேண்டாம் அண்ணே. இருக்கட்டும்" என்றேன்.

அவர் ரிமோட்டைக் கீழே வைத்தார். நாங்கள் மூன்று பேரும் அதை முழுக்கப் பார்த்தோம். சின்னக் காட்சிதான். அவ்வளவு நீளமாக அது எனக்கு முன்னால் இருந்ததில்லை.